நியூட்ரலில் கடகட, லீவரைப் பிடித்தால் கப்சிப்

அப்பாவின் புல்லட் 350, 1986 மாடல். காஸ்ட் அயர்ன் எஞ்சின், நாலு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தினால் நேராக நியூட்ரலுக்கு வந்து நிற்கும் அந்தக் குட்டி லீவர்கூட இன்னும் வேலை செய்கிறது. திருவொற்றியூரில் செய்த வண்டி, இப்போது பெரம்பூரில் எங்கள் வாசலில் நிற்கிறது. அதாவது முப்பத்தெட்டு நாற்பது வருடத்தில் பெரிய தூரம் ஒன்றும் போய்விடவில்லை. மூன்று வருடம் முன்பு அப்பா முழங்கால் வலியால் கிக்கரை மிதிக்க முடியாமல் சாவியை என்னிடம் கொடுத்தார்.

போன மழைக்காலத்துக்கு அப்புறம்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நியூட்ரலில் நிற்கும்போது இடது பக்கத்திலிருந்து கடகட கடகட என்று, தகர டப்பாவில் நாலு போல்ட்டைப் போட்டு யாரோ சோம்பேறித்தனமாக ஆட்டுகிற மாதிரி. கிளட்ச் லீவரைப் பிடித்தால் சட்டென்று அடங்கிவிடும், விட்டால் மறுபடியும் கடகட. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகினாலும் மறைந்துவிடும். ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் கீழிருந்து 'சளக்' என்று வேறொரு சத்தம். இது வேறு, அது வேறு என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

புல்லட்டில் சத்தம் என்றால் ஊரில் ஆளுக்கொரு தீர்ப்பு உண்டு. முதலில் போன பட்டறையில் வண்டியை ஸ்டாண்டில் போடக்கூட இல்லை, தூரத்திலிருந்தே கேட்டுவிட்டு "பிக் எண்டு போச்சு தம்பி, எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் "புல்லட்னா சத்தம் வரத்தான் சார் செய்யும், இல்லன்னா ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க" என்று டீ சொன்னார்கள். அந்த டீ நன்றாகவே இருந்தது. பிக் எண்டு கதையை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை, ஏனென்றால் பிக் எண்டு என்பது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு கீழே கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டில், மாட்டும் இடம். அந்த ராடு தட்டுவதற்கும் நான் கிளட்ச் லீவரைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? பிக் எண்டு போன வண்டி பாரம் ஏற ஏறத்தான் அதிகமாகத் தட்டும். இது பாரமே இல்லாமல் சும்மா நிற்கும்போது மட்டும் தட்டுகிறது.

வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்தேன். வால்வைத் திறக்க உதவும் டாப்பெட்டாக இருக்குமோ என்றால் அது இந்த எஞ்சினில் வலது பக்கம், என் சத்தம் இடது பக்கம். டாப்பெட் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு என்று கணக்காக டிக் டிக் என அடிக்கும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வேகமாகுமே தவிர மறையாது. இருந்தாலும் மனசு கேட்காமல் மூடியைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது, டாப்பெட்டிலிருந்து மேலே வால்வுப் பக்கம் போகும் கம்பியான புஷ் ராடு விரலால் உருட்டினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது, அவ்வளவுதான் அளவு. இரண்டும் சரியாகவே இருந்தன. அடுத்து நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை இடது பக்கச் செயின் கேஸ் மேல் முன்னாலிருந்து பின்னால் வரை நகர்த்தினேன். முன்பக்கம் எஞ்சின் பல்சக்கரம் இருக்கும் இடத்தில் சுமார்தான், நடுவில் ஏதோ உரசல், பின்னால் கிளட்ச் மேல் வைத்ததும் காதுக்குள் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பதைவிட இது எளிது, நோயாளி மூச்சை இழுத்துவிடத் தேவையில்லை.

லீவரைப் பிடித்தால் ஏன் அடங்குகிறது என்பதுதான் இதில் ருசியான விஷயம். புல்லட்டில் எஞ்சின் சக்தி ஒரு இரட்டைச் செயின் வழியாகக் கிளட்ச் டிரம்முக்கு வருகிறது. எஞ்சின் பக்கம் 25 பல், டிரம் பக்கம் 56 பல். டிரம்மின் விளிம்பில் நெட்டாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும், ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள், அதாவது காதுகள், அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். நடுநடுவே வரும் ஸ்டீல் பிளேட்டுகள் உள்ளே இருக்கும் ஹப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஹப் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கின்றன.

ஒற்றை சிலிண்டர் வண்டி இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். வெடித்ததும் ஒரு உந்து, அப்புறம் அடுத்த வெடி வரும் வரை கிராங்க் தளர்ந்துகொண்டே வரும். மெதுவாக ஓடும்போது இந்த ஏற்ற இறக்கம் மிக அதிகம். டிரம் முந்திப்போய் காதை ஒரு பக்கம் அறைகிறது, அடுத்த கணம் டிரம் தளர்கிறது, பின்னால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் கனம் அதே காதை முன்னால் தள்ளிப் பள்ளத்தின் மறுசுவரில் அறைகிறது. பள்ளத்துக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி கம்மியாக இருந்தால் இந்தச் சத்தம் நமக்குக் கேட்காது, தேய்ந்து அகலமாகிவிட்டால் கடகட. லீவரைப் பிடித்தால் ஸ்பிரிங் பிடி விலகி, ஷாஃப்ட்டின் கனம் பிளேட்டுகளை விட்டுக் கழன்றுகொள்கிறது. மிச்சம் இருப்பது தகடு போன்ற பிளேட்டுகள் மட்டும், அவை என்ன பெரிதாகச் சத்தம் போட்டுவிடப் போகின்றன. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஃபிளைவீலின் வேகம் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடுகிறது. நான் பார்த்த எல்லா அறிகுறியும் இதில் பொருந்தின. 'சளக்' மட்டும் பொருந்தவில்லை, அது செயின் தளர்ந்து கேஸில் அடிப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். இடது ஃபுட்ரெஸ்ட்டும் பிரேக் பெடலும் கழன்றால் செயின் கேஸ் மூடி வந்துவிடும். அந்த அகலமான மூடி முழுவதையும் நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது, அது எந்தப் புண்ணியவானின் யோசனையோ தெரியாது, ஆனால் எண்ணெய் கசியக் கசிய அந்த ஒரு நட்டைப் போட்டு இறுக்கி இறுக்கி மூடியை வளைத்தவர்கள் நாட்டில் எத்தனை பேரோ. கீழே தட்டு வைத்து மூடியை இழுத்தேன். இந்தக் கேஸுக்குள் எஞ்சின் ஆயிலோடு சம்பந்தமே இல்லாமல் தனியாக 420 மில்லி ஆயில் இருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரு டீ கிளாஸ் அளவு, கன்னங்கரேலென்று, வெயிலில் பிடித்தால் மினுமினு என்று. காந்தத்தை நுனி படும்படி வைத்தேன், இரும்புத்தூளில் மீசை முளைத்தது. மூன்று வருடமாக எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றிக்கொண்டிருந்த நான் இந்த ஆயிலை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன்.

உள்ளே முன்னால், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் அசையாத பாகமான ஸ்டேட்டர் வழிமறித்து உட்கார்ந்திருக்கும். மூன்று நட்டைக் கழற்றி அதை ஒயரில் தொங்கவிடாமல் ஒரு டப்பா மேல் தாங்கலாக வைத்தேன். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்தேன், எடுத்தும் இரண்டு வாஷர் கடைசியில் குழப்பின. கிளட்சின் மூன்று ஸ்பிரிங்கைக் கழற்றி, பிரஷர் பிளேட்டை எடுத்து, பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன்.

டிரம்மைப் பார்த்ததும் வழக்கு முடிந்துவிட்டது. பள்ளங்களின் சுவரில் ஒவ்வொரு பிளேட்டும் தன் தன் இடத்தில் குழி தோண்டியிருந்தது, மாடிப்படி மாதிரி. விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் டொக் டொக் என்று ஒவ்வொரு படியிலும் விழுந்தது. பிளேட்டின் காதுகள் அடிவாங்கி ஓரம் விரிந்து, சுத்தியலால் தட்டிய உளியின் தலை மாதிரி ஆகியிருந்தன. அந்தச் சுவர்களில் பழைய அரம் போட்ட தடமும் தெரிந்தது. யாரோ எப்போதோ அந்தக் குழிகளை ராவிச் சமப்படுத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். டிரம்மில் குழி விழுந்தால் பிளேட்டின் காது அதில் மாட்டிக்கொண்டு லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது, சிக்னலில் வண்டி தானாக ஊரும், நியூட்ரல் விழாமல் தொல்லை கொடுக்கும். அதற்கு அரம் போடுவது சரியான வைத்தியம்தான், குழி ஆழமில்லாதபோது. ஆனால் சத்தத்துக்கு அரம் மருந்தே இல்லை. ராவ ராவப் பள்ளம் இன்னும் அகலமாகிறது, இடைவெளி கூடுகிறது, சத்தமும் கூடுகிறது. எங்கள் வண்டியில் ஒரு நோயைத் தீர்த்த கையோடு இன்னொன்றுக்கு விதை போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே, நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பிளேட் மட்டும் வாங்கி மாட்டினேன். டிரம் விலை கண்ணை உறுத்தியது, பிளேட் மலிவாகக் கிடைத்தது, அதையும் பக்கத்திலேயே ஒரு கடையில் டப்பாவில் பெயர்கூட இல்லாமல் வாங்கினேன். பூட்டி ஸ்டார்ட் செய்ததும் சத்தம் பாதி குறைந்தது, நானும் வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். எட்டாவது நாள் பழைய கடகட முழு வீச்சில் திரும்பி வந்தது. மறுபடி திறந்தால், புதுப் பிளேட்டின் காதுகள் பழைய குழிகளில் போய் விழுந்து அடிவாங்கி ஒரே வாரத்தில் மழுங்கியிருந்தன. காதுகளே கொஞ்சம் ஒல்லியாகவும் இருந்தன என்பதை அப்போதுதான் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். வாங்கும்போது பார்த்திருக்க வேண்டிய அளவு.

இந்த முறை பழைய டிரம்மை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் வண்டி சாமான் கடைதான். கடைக்காரர் பையைத் திறக்கும் முன்பே "நாலு கியரா, அஞ்சு கியரா?" என்றார். சரியான கேள்வி. 1955-இல் மதராஸில் தொடங்கிய இந்த எஞ்சின் 2010 வாக்கு வரை வந்துகொண்டிருந்தது, அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றல்ல, நடுவில் எத்தனையோ மாற்றம். நான் பழைய டிரம்மைக் காட்டி, புது டிரம் ஒன்றை வாங்கி, கவுண்டர் மேலேயே வைத்து அதில் புதுப் பிளேட்டைப் போட்டு இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். தன் எடையிலேயே சறுக்கி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடுவது பெயருக்குத்தான் இருக்க வேண்டும். மூன்று செட் பிளேட்டில் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. "பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களே அண்ணா" என்று கடைப் பையன் சிரித்தான்.

செயினும் மாற்றினேன். பழையதைக் கையில் படுக்கையாகப் பிடித்தால் வில் மாதிரி தொங்கியது. புது டிரம்மில் பல் புதிது, செயின் புதிது என்றால் எஞ்சின் பக்கப் பல்சக்கரத்தை மட்டும் பழையதாக விடுவது கஞ்சத்தனம், அதுவும் போட்டேன். டிரம் உட்காரும் பேரிங் விரலால் சுற்றினால் கரகர என்றது, அதுவும் புதிது. மொத்தச் செலவை இங்கே எழுதவில்லை, இதை என் மனைவியும் படிப்பாள்.

பூட்டும்போது அவசரப்படாமல் செய்தேன், இரண்டு சனிக்கிழமை ஆனது. ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளை முந்தின இரவே ஆயிலில் ஊறப் போட்டேன். ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பார்த்ததில் ஒன்று ஆடியது, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. மூலக்கடை சிக்னலில் அரை கிளட்ச்சில் நின்றதன் பரிசு, அதையும் மாற்றினேன். ஸ்பிரிங் மூன்றையும் வரிசையாக நிற்க வைத்தால் ஒன்று குட்டையாக இருந்தது, அதனால் மூன்றுமே புதிது. ஒரு ஸ்பிரிங் மட்டும் சோர்ந்திருந்தால் பிரஷர் பிளேட் சாய்வாகத் தூக்கும். பூட்டியபின் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக மிதித்துப் பிரஷர் பிளேட் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

செயின் தளர்வுக்குக் கேஸுக்குள்ளேயே, செயினின் கீழ் ஓட்டத்துக்கு அடியில், வளைந்த ஒரு பட்டை இருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருகினால் அது செயினை மேலே தூக்கும். மேல் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கினால் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடக்கூடாது, எஞ்சினைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே இறுக்கமோ அங்கே அந்த அளவு வைக்க வேண்டும். இல்லையென்றால் செயின் ஒரு இடத்தில் நரம்பு மாதிரி விறைத்து பேரிங்கைத் தின்னும். அப்புறம் ஸ்டேட்டர். அதற்கும் உள்ளே சுற்றும் ரோட்டருக்கும் நடுவே சுற்றிலும் 8 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு), அதாவது 0.2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் உரசும், அது தனிக் கச்சேரி. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுச் சுற்றிப் பார்த்து, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். வலது பக்கம் கியர்பாக்ஸ் மேல் சின்ன மூடிக்குப் பின்னால் கிளட்சின் புஷ் ராடு ஸ்க்ரூ இருக்கிறது (டாப்பெட்டில் பார்த்த புஷ் ராடு வேறு), அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கேபிளுக்கு வந்தேன். நிறைய பேர் நேராகக் கேபிளைத் திருகிவிட்டு லீவர் கல்லாக இருக்கிறது என்கிறார்கள்.

ஆயில் 420 மில்லி, டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று, அதாவது ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று, போட்ட மோட்டார் சைக்கிள் ஆயில். கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றினால் பிளேட் வழுக்க வாய்ப்புண்டு, அதிலும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் என்று விளம்பரம் செய்கிற வகையைக் கிட்டவே சேர்க்கக்கூடாது.

மூடியைப் போட்டு, அந்த ஒற்றை நட்டைப் பக்குவமாக இறுக்கி, கிக்கரை மிதித்தேன். இரண்டாவது மிதியில் பிடித்தது. சத்தம் முக்கால்வாசி போயிருந்தது. முக்கால்வாசி! அத்தனையும் புதிது, ஆனால் உற்றுக் கேட்டால் உள்ளே இன்னும் ஒரு சின்னக் கடகட. படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் திறப்பதற்கு எனக்குத் தெம்பில்லை.

அப்பா உள்ளேயிருந்து வந்து வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். அவருக்கு ஸ்க்ரூ டிரைவர், வெர்னியர் எதுவும் தேவைப்படவில்லை. "ஏன்டா இவ்ளோ ஸ்லோ வெச்சிருக்க? ஏத்து" என்றார். கார்பரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றினேன், கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்டைச் சுத்தம் செய்து 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் இடைவெளி வைத்தேன், வெடி சீரானது. கடகட போயே போய்விட்டது.

வண்டி என் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்த காரியமே ஸ்லோ ஸ்பீடைக் குறைத்ததுதான். ஒரு 'டப்'புக்கும் அடுத்த 'டப்'புக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக வைத்து அதைப் போனில் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். அணையப்போகிற எஞ்சின் தடுமாறித் தடுமாறி ஒவ்வொரு வெடிக்கும் டிரம்மைச் சுத்தியலால் அறைந்துகொண்டிருந்ததைத்தான் நான் கம்பீரம் என்று ரசித்திருக்கிறேன். ஆயில் பம்ப்பும் அதே எஞ்சினால் சுற்றுவது, அதுவும் அந்நேரம் பாதித் தூக்கத்தில்தான் இருந்திருக்கும். அரம் போட்டவர்மேல் பாதிப் பழியைப் போடலாம். மீதிப் பாதியும், அந்த டீ கிளாஸ் ஆயிலும் என் கணக்கு.

"முப்பது வருஷம் நீ ஓட்டினப்ப இது வரலையேப்பா, எப்படி வெச்சிருந்த?" என்று கேட்டேன். "நின்னா ஆஃப் பண்ணிடுவேன். பெட்ரோல் என்ன சும்மாவா வருது?" என்றார்.

இப்போது வண்டி கொஞ்சம் வேகமாகவே டப் டப் என்கிறது. எதிர்வீட்டுத் தம்பிக்கு இதில் வருத்தம், "பழைய பீட்டு இல்லையேண்ணா, எங்கண்ணா கெடுத்தீங்க?" என்று விசாரித்தான். இரண்டு வாரமாகக் கடகட இல்லை, சளக் இல்லை, நியூட்ரல் பட்டென்று விழுகிறது. நேற்றுக் காலை கேஸுக்கு அடியில் வைத்த அட்டையில் மட்டும் மூன்று சொட்டு எண்ணெய். நட்டை இறுக்கக் கை போனது, போன கையை இழுத்துக்கொண்டேன். மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் பழையதையே போட்டிருந்தேன். வரும் சனிக்கிழமை மறுபடி ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு.